கள்ளிச்செடிக்கும் ஒரு வேடம் கொடுங்கள்

"சும்மா நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று வகுப்பில் ஒரு பையன் சொன்னான். அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீலி யார் என்று கேட்டேன். 32 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாகர்கோவில் பக்கம் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வருஷத்திலிருந்து எட்டாம் வகுப்போடு நீலி கதையைத்தான் செய்துவருகிறேன். உங்கள் ஊர்க் கதையையும் இதே மாதிரி செய்யலாம்.

முதலில் கதையைக் காதால் கேட்க வேண்டும். இங்கே கொடை என்கிற கோயில் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு உண்டு. பெற்றோரையும் சேர்த்துக் கூட்டிப்போய் உட்காருங்கள். குடமும் உடுக்கும் ஏறி இறங்கும்போது பிள்ளைகள் எங்கே மூச்சைப் பிடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நகைக்கு ஆசைப்பட்ட ஒருவன், தன் மடியில் தூங்குகிறவளின் தலையை மணல் குவியலுக்கு மாற்றிவிட்டு, கல்லைப் போட்டுக் கொல்கிறான். ஆளில்லாத காடு. பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சிக்கு அழைத்துவிட்டுச் சாகிறாள். மறுபிறவியில் நீலியாக வருகிறாள். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செட்டியாகப் பிறந்திருக்கும் அவனைத் தன் புருஷன் என்று வழக்குக்கு இழுக்கிறாள். அவள் அழுகையை நம்பி, அவன் உயிருக்குப் பொறுப்பேற்று, 70 வேளாளர் அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவள் அவனைக் கொல்கிறாள். கொடுத்த வாக்குக்காக அந்த 70 பேரும் கடைசியில் உயிரை விடுகிறார்கள். இங்கே இவளை இசக்கியம்மனாகக் கும்பிடுகிறார்கள். வடக்கே பழையனூர் நீலி என்பார்கள். 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுப் பாடியிருக்கிறார். இத்தனை பெரிய கதையிலிருந்து நம் பேச்சு எடுத்துக்கொண்டது அழுகையை மட்டும்தான். அவள் கொலையானதை விட்டுவிட்டோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்புறம் படம். நாலு பேருக்கு ஒரு போன், ஒரு குழுவுக்குப் பத்துப் படம், அதற்கு மேல் கிடையாது. "கதையைப் பார்த்துக்கொண்டிருந்த பொருள்களை மட்டும் எடுங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் வெயில் சாய்வாக விழும், இசக்கி மண்சிலையின் முகம் துலங்கும். பிளாஷ் வேண்டாம். சாமியாடுகிறவரை எடுக்கவே கூடாது. ஒருமுறை அப்படி ஒரு படம் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. அந்த வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஒரு பிள்ளை கொண்டுவந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கள்ளிக்கொப்பு ஒடிந்த இடத்தில் பால் திரண்டு, சொட்டாமல் நிற்கிறது. பின்னால் மங்கலாக, பிள்ளைவரம் கேட்டு இசக்கிக்குக் கட்டிய மரத்தொட்டில். (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தொடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.)

படங்களைத் தரையில் பரப்புங்கள். ஒரு கைதட்டலுக்கு எல்லோரும் ஒரு படத்துக்குள் இருக்கிற மாதிரிச் சிலையாக நிற்க வேண்டும். நீங்கள் யார் தோளைத் தொடுகிறீர்களோ அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். கல் பேசட்டும், மணல் பேசட்டும். வசனத்தை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தக் காலத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று கள்ளிக்குப் பதில் சிசிடிவி கேமராவை வைக்கலாம் என்றார்கள் பிள்ளைகள். சரி, செய்து பாருங்கள் என்று விட்டேன். இரண்டு தடவை நடித்துப் பார்த்துவிட்டு ஒருத்தி சொன்னாள்: "கேமரா யாரும் கூப்பிடாமலே பார்க்கும் சார். கள்ளியை அவளே கூப்பிட்டா." கேமரா போய்விட்டது. கைகளை உயர்த்தியபடி கடைசிவரை மேடையில் நிற்கும் ஒரு கள்ளி வந்தது.

முதல் காட்சியை ஆண்டுவிழாவில் வைக்காதீர்கள். கோயில் முற்றத்தில், மைக் இல்லாமல், பாட்டிமார் முன்னால் போடுங்கள். நடுவில் எழுந்து திருத்துவார்கள், திருத்தட்டும். முடிந்ததும் நல்ல படம் ஒன்றை அச்சடித்து, கதை பாடிய அண்ணாவியின் கையில் பிள்ளைகளையே கொடுக்கச் சொல்லுங்கள்.