கொடும்பாளூரில் அளவெடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கோயில் ஆவணப்படுத்தலுக்குப் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குத்தான். சின்ன வளாகம், நுணுக்கமான வேலைப்பாடு, கூட்டத் தொல்லையும் இல்லை. ஆனால் எந்தக் குழு போனாலும் எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறது. விமானத்தை, அதாவது கருவறையும் அதன் மேல் எழும் கட்டடமும் சேர்ந்ததை, கோபுரம் என்று எழுதுவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை தானே சரியாகிவிடும்.

சிற்றாலயங்களை மடமாக்குவது

நடுக்கோயில் கல்வெட்டின் செய்தி இது: கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்தான். மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் (சைவத்தின் ஒரு பிரிவு) துறவிக்குப் பெரிய மடம் ஒன்றையும், 50 துறவியருக்கு உணவிட 11 ஊர்களையும் கொடுத்தான்.

இதைப் படித்துவிட்டுப் போனால் கண் மடத்தைத்தானே தேடும்? விமானங்களைச் சுற்றிச் சிறு சிறு கட்டடங்களின் அடித்தளங்கள் தெரியும். பௌத்த விகாரைகளில் முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்குமே, அந்த நினைப்பில் 'துறவியர் அறைகள்' என்று வரைபடத்தில் எழுதிவிடுவார்கள்.

அவை பரிவார ஆலயங்கள். மூலக்கோயிலைச் சுற்றிப் பரிவார தெய்வங்களுக்கு, அதாவது துணைத் தெய்வங்களுக்கு, சிற்றாலயம் எடுப்பது அந்தக் காலத்துச் சிவன் கோயில்களில் வழக்கம். அதே மாவட்டத்தில் நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் இந்தக் குழப்பமே வராது.

ஒரு குழு வரைந்த படம் 'துறவியர் அறைகள்' என்ற பெயரோடு ஓர் அமைப்பின் கண்காட்சிப் பலகையில் ஏறிவிட்டது. தவறு என்று எழுதினேன். அடுத்த முறை அச்சிடும்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதற்குள் அந்தப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போன இன்னொரு குழு, அதை வைத்தே முப்பரிமாண மாதிரி செய்து முடித்துவிட்டது. மாதக்கணக்கான உழைப்பு, மொத்தமும் குப்பை. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

மடம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? மத்தியப் பிரதேசத்துச் சந்திரேஹியில் சிவன் கோயிலுக்குப் பக்கத்திலேயே கல்லால் கட்டிய மடம் நிற்கிறது. அங்குள்ள கல்வெட்டு 973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயில் தனி, மடம் தனி. கர்நாடகத்துப் பள்ளிகாவியில் காளாமுகரின் கோடிய மடத்தைப் பற்றி 1162ஆம் ஆண்டுக் கல்வெட்டு வேதமும் இலக்கணமும் கற்பித்த இடம், ஏழைகளுக்குச் சோறும் நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்த இடம் என்கிறது. இத்தனையும் நடக்க அடுப்படி வேண்டும், தானியக் கிடங்கு வேண்டும், பாடம் நடத்தக் கூடம் வேண்டும். இதையெல்லாம் பரிவார ஆலய வரிசைக்குள் எங்கே திணிப்பது? கொடும்பாளூரில் இன்று நிற்கிறவற்றில் 'இதுதான் மடம்' என்று கைகாட்ட எதுவும் இல்லை. வரைபடத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

திசை

மூவர் கோயில் மேற்குப் பார்த்தது. கிழக்கு வாசல் கோயிலில் வலம் வந்தால் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுவர்கள் வரும். இங்கே வடக்கு, கிழக்கு, தெற்கு. பழக்க தோஷத்தில் படங்களுக்கு வரிசையாகப் பெயர் போட்டால் தெற்குச் சுவர்ச் சிற்பம் வடக்கே போய்விடும். அப்புறம் உட்கார்ந்து பிரிப்பது பெரிய தலைவலி. ஒவ்வொரு சுவருக்கும் முதல் படத்தில் திசைகாட்டியும் விழட்டும்.

காலம்

கல்வெட்டில் ஆட்சியாண்டு இல்லை. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்போரும் உண்டு, 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்போரும் உண்டு. ஒற்றை ஆண்டைப் போட்டு முடிக்காதீர்கள்.

காளாமுகரும் காபாலிகரும்

இரண்டும் வேறு வேறு சைவப் பிரிவுகள். ஒன்றாக்கி எழுதாதீர்கள்.

துணி நாடா

இழுத்தால் நீளும். எஃகு நாடா எடுத்துப் போங்கள்.

வடக்கு விமானத்தை விட்டுவிடுவது

நிற்பது இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அதையும் அளந்து வரையுங்கள். ஆனால் வெட்டுத்தோற்றத்தில் (கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடத்தில்) இல்லாத சுவரை எழுப்ப வேண்டாம்.