ஒன்லைன் நல்லாத்தான் இருக்கு, திரைக்கதை?

"இறந்துபோன அப்பாவின் கைப்பேசிக்கு வரும் அழைப்புகளை மகள் எடுத்துப் பேசத் தொடங்குகிறாள்." கதையை ஒரே வரியில் சொல்லும் இந்த ஒன்லைனைக் கேட்டவுடன் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே கதை 120 பக்கமாக விரியும்போது 40ஆம் பக்கத்திலேயே படுத்துவிடக்கூடும். ஒன்லைனில் இருப்பது ஒரு நிலைமை மட்டும். அதற்குள் மாட்டிக்கொண்டவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பதுதான் திரைக்கதை.

ஒரு சீனுக்கு ஓர் அட்டை எடுத்து, அதில் நடப்பதை ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். இரண்டு மணி நேரப் படத்துக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 அட்டை வரும். அடுத்தடுத்த அட்டைகளுக்கு நடுவே "அதனால்" அல்லது "ஆனால்" போட்டுப் படியுங்கள். கடன்காரர் அழைக்கிறார், அப்புறம் நண்பர் அழைக்கிறார், அப்புறம் யாரோ ஒரு பெண் அழைக்கிறாள் என்று போனால், எந்த அட்டையை உருவினாலும் கதை அசையாது. இப்படி மாற்றிப் பாருங்கள்: அப்பா உயிரோடு இருப்பதாகக் கடன்காரரிடம் பொய் சொல்கிறாள், அதனால் அவர் வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகச் சொல்கிறார், ஆனால் வியாழக்கிழமையே அண்ணன் மரணச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறான். இதில் ஒன்றை உருவினால் அடுத்தது நிற்காது.

செகண்ட் ஹாஃப் இழுக்கிறது என்றால் அங்கேயே வெட்டிக்கொண்டிருக்காதீர்கள். கோளாறு பல நேரம் முதல் 30 பக்கத்தில் இருக்கும்: அவளுக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் எதை இழப்பாள் என்பது அங்கே பதிந்திருக்காது. தற்செயலாக அவள் சிக்கலில் மாட்டலாம், பார்ப்பவர் ஒத்துக்கொள்வார். தற்செயலாகத் தப்பித்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். கிளைமாக்ஸில் கைகொடுக்கும் எதற்கும் முன்பே லீட், அதாவது கதையில் ஒரு முன்குறிப்பு, வேண்டும்.

வசனத்தில் தகவலைத் திணிப்பது இன்னொரு வியாதி. "அப்பா என்கிட்ட பேசி பத்து வருஷம் ஆச்சுன்னு உனக்கே தெரியும்ல" என்கிறாள் அண்ணனிடம். தெரிந்தவனிடம் எதற்குச் சொல்கிறாள்? அப்பாவின் கைப்பேசியில் தன் எண்ணை அவள் தட்டட்டும். திரையில் பெயர் வரவில்லை, வெறும் எண். போதும்.

டிராஃப்ட் முடிந்ததும் கதை தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மரியாதைக்கு ஏதாவது சொல்வார். மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்ட சீன்களின் அட்டைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்த டிராஃப்டில் முதலில் கை வைக்க வேண்டியது அவற்றில்தான்.