விளம்பரப் பெட்டியை எங்கே வைக்கக்கூடாது: தளம் நடத்தத் தொடங்கும் வன்னி இளைஞர்களுக்கு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் செய்தித்தளம், நெல் விலைத் தளம், கோயில் திருவிழாப் படங்களுக்கான தளம் என்று புதிதாக ஆரம்பிப்பவர்கள், தங்கள் பக்கத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி எனக்கு இணைப்பை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. 2018 பெப்ரவரியில், தளங்களில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுள் அட்சென்ஸ் சேவை தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கத் தொடங்கிய பின்னர் இத்தகைய தளங்கள் பெருகியுள்ளன. அவற்றில் நான் காணும் பிழைகள், எங்களைப் போன்ற பழையவர்கள் ஆரம்பத்தில் விட்ட அதே பிழைகள்தான். தன் விளம்பரத்தைத் தானே அழுத்தக்கூடாது என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். விளம்பரப் பெட்டி பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

உச்சியே உயர்ந்த இடம் என்று நம்புதல்

"தம்பி, காசு தாறது நான், எங்கட விளம்பரம் எல்லாத்துக்கும் மேல நிக்கவேணும்" என்றுதான் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை முதலாளி சொல்வார். புதியவர்களும் மறுபேச்சின்றித் தலைப்புக்கு மேலே பெட்டியை வைத்துவிடுகிறார்கள். ஒரு பட விளம்பரம் பார்க்கப்பட்டதாகக் கணக்கில் சேர்வதற்கு, அதன் பரப்பில் பாதியாவது ஒரு விநாடி தொடர்ந்து திரையில் தெரிந்திருக்க வேண்டும் என்பது விளம்பரத்துறையின் பொது அளவுகோல். கைபேசியில் பக்கம் திறந்ததும் பெருவிரல் திரையைத் தள்ளிவிடுகிறது. உச்சியில் உள்ள விளம்பரம் வந்து சேரும்போது வாசகர் மூன்றாவது வரியில் இருக்கிறார். அதிகம் பார்க்கப்படுவது பக்கத்தின் உச்சி அல்ல, முதல் திரையின் கீழ் விளிம்பை ஒட்டிய இடமே என்று கூகுள் 2014 இல் வெளியிட்ட ஆய்வும் கூறியது. ஏ9 வீதியில் வாகனங்கள் பறக்கும் இடத்தில் பலகை நடுவதா, முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் இடத்தில் நடுவதா என்று கேட்டால் முதலாளிக்கு உடனே விளங்கிவிடும். செய்திப் பக்கத்தில் தலைப்பு, படம், முதல் இரண்டு பந்திகள் ஆகியவற்றுக்குப் பின்னுள்ள இடமும், கட்டுரை முடிந்து தொடர்புடைய செய்திகள் தொடங்குவதற்கு முன்னுள்ள இடமும் அவ்வாறு வாசகர் தரிக்கும் இடங்கள். முதல் திரையை விளம்பரத்தால் நிரப்பும் தளங்களைக் கூகுள் தேடல் 2012 முதல் பின்தள்ளி வருவதையும் மறக்கக்கூடாது.

இடம் ஒதுக்காமல் விளம்பரத்தைச் செருகுதல்

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். உலாவி முதலில் எழுத்துகளைத் திரையில் வரைந்துவிடுகிறது. விளம்பர நிரலோ வெளியே போய், அந்த இடத்துக்காக விளம்பரதாரர்களிடையே நடக்கும் ஏலம் முடிந்து, எந்த விளம்பரம் எந்த அளவில் வரும் என்பதை அறிந்த பின்னரே பெட்டியை நிரப்புகிறது. அதுவரை அந்தப் பெட்டிக்கு உயரமே இல்லை. பின்னர் அது திடீரென 250 அல்லது 280 பிக்சல் விரிந்து, தனக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கீழே தள்ளுகிறது. நகர்ப்புறத்து வேகமான இணைப்பில் இது கண்ணில் படாது. ஒட்டுசுட்டான் பக்கத்திலோ துணுக்காய் பக்கத்திலோ சமிக்ஞை ஒரு கோட்டில் நிற்கும்போது, வாசகர் வாசிக்கத் தொடங்கி, விரலை எங்கோ வைக்கப்போகும் நேரத்தில்தான் அது நடக்கும்.

முள்ளியவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலன்று எடுத்த படங்களைத் தன் தளத்தில் ஏற்றியிருந்தார். படங்கள் நல்லவை, வெளிநாட்டிலுள்ள ஊரவர்களும் திரண்டு வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படம், அதற்குக் கீழே விளம்பரப் பெட்டி, அதற்கும் கீழே "அடுத்த படம்" என்ற பொத்தான். பக்கம் திறந்ததும் படத்துக்குக் கீழே பொத்தான் தெரியும். அதை அழுத்தப் போகும் கணத்தில் விளம்பரம் வந்து விரியும். பொத்தான் கீழே இறங்கிவிட, விரல் விளம்பரத்தின் நடுவில் விழும். அப்பாவி வாசகர் எங்கோ ஒரு கடன் அட்டைப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து உடனே திரும்பி வருவார். அன்றிரவு தம்பி அனுப்பிய செய்தியில் சொடுக்கு விகிதம் (விளம்பரத்தைக் கண்டவர்களில் அதை அழுத்தியவர்களின் பங்கு) பல மடங்காகிவிட்டது என்ற பூரிப்பு மட்டுமே இருந்தது. பொத்தானைப் பெட்டியிலிருந்து விலக்கும்படி பதில் அனுப்பினேன். ஓடுகிற தளத்தை ஏன் தொடுவான் என்று விட்டுவிட்டார். மாத முடிவில் அந்த வருமானத்தில் பெரும்பகுதி செல்லாத சொடுக்குகள் என்று கழிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து அவருடைய தளத்துக்கு வரும் விளம்பரங்களும் மட்டுப்படுத்தப்பட்டன. கழிக்கப்பட்டதை விட, விளம்பரம் வராமல் கிடந்த காலத்து இழப்பே பெரிது.

இதில் அவர் களவு எதுவும் செய்யவில்லை. ஆனால் தற்செயலாக விழுந்த சொடுக்குக்கும் காசு கொடுப்பவர் விளம்பரதாரர்தான். எனவே விளம்பரம் தரும் வலையமைப்பு (இங்கே கூகுள்) நோக்கத்தைக் கேட்பதில்லை. உள்ளே போன உடனே திரும்பி வரும் சொடுக்குகள் குவிந்தால் அது தெரிந்துவிடும். சில இடங்களில் கூகுள், முதல் அழுத்தலை ஏற்காமல் இரண்டாவது தடவையும் அழுத்தி உறுதிசெய்யும்படி வாசகரிடம் கேட்கும் முறையைப் புகுத்திவிடும். அந்த இடத்தின் வருமானம் அத்துடன் படுத்துவிடும். "பொத்தானுக்குப் பக்கத்தில் வையுங்கள், வருமானம் இரட்டிப்பாகும்" என்று யூடியூப்பில் பாடம் எடுப்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதே இல்லை.

பரிகாரம் சிறியது. பெட்டியைச் சுற்றியுள்ள பகுதிக்கு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் (CSS) நிரலில் குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிடுங்கள். 300×250 விளம்பரம் வருமிடத்தில் 250 பிக்சல், அதைவிடப் பெரியதும் வரக்கூடுமென்றால் அந்த அளவு. விளம்பரம் வராத வேளையில் வெற்றிடம் தெரிகிறதே என்று அதைச் சுருக்கிவிடாதீர்கள். சுருங்கும்போதும் பக்கம் குதிக்கும். பொத்தான், தொலைபேசி இலக்கம், படம் மாற்றும் அம்புக்குறி ஆகியவற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பந்தியாவது இருக்கட்டும். பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதைக் கூகுள் ஓர் எண்ணாகவும் தருகிறது: 0.1 அல்லது அதற்குக் கீழே நல்லது, 0.25 ஐத் தாண்டினால் மோசம். வெளியிடுவதற்கு முன், குரோம் உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் இணைப்பு வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் ஓட்டோ அட்ஸிடம் ஒப்படைத்தல்

விளம்பர இடங்களை அட்சென்ஸே தெரிவுசெய்யும் ஓட்டோ அட்ஸ், மேலே சொன்ன துன்பத்தைத் தானாகவே கொண்டுவரும் ஏற்பாடு, ஏனெனில் அது பந்திகளுக்கிடையே தான் விரும்பிய இடத்தில் பெட்டியைச் செருகுகிறது. வேண்டுமானால் திரையின் அடியில் ஒட்டி நிற்கும் விளம்பரத்தை மட்டும் அதில் விட்டுவைக்கலாம். அது எழுத்தைத் தள்ளுவதில்லை. மற்றவற்றை நீங்களே வையுங்கள்.

வலப்பக்கப் பத்தியை நம்பியிருத்தல்

மடிகணினியில் அழகாகத் தெரியும் வலப்பக்கப் பத்தி, கைபேசியில் கட்டுரைக்கும் கருத்துகளுக்கும் கீழே போய் விழுகிறது. உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில்தான் வருகிறார்கள் என்றால், அங்கே வைத்த விளம்பரம் கிணற்றில் போட்ட கல்தான். 728×90 பட்டையும் கைபேசித் திரையில் கொள்ளாது.

விளம்பரத்துக்குச் செய்தி வேடமிடுதல்

செய்யவேண்டாம். பெட்டிக்கு மேலே "விளம்பரம்" என்று மட்டும் எழுதுங்கள்.

பெட்டிகளை அடுக்குதல்

ஒரு பக்கத்தில் மூன்று விளம்பரம் என்ற அட்சென்ஸ் வரம்பு 2016 இல் நீக்கப்பட்டதை, எத்தனையும் போடலாம் என்று பலர் விளங்கிக்கொண்டார்கள். கைபேசிப் பக்கத்தில் உள்ளடக்கப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால், சிறந்த விளம்பரங்களுக்கான கூட்டமைப்பின் (Coalition for Better Ads) அளவுகோலை அது மீறுகிறது. அவ்வாறு தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களைக் குரோம் உலாவி 2019 ஜூலை முதல் உலகெங்கும் மறைத்து வருகிறது. எங்கள் தளங்களில் வரும் செய்திகளோ பெரும்பாலும் நான்கு பந்திதான். நான்கு பந்திக்கு ஒன்று போதும், தாராளமாக இரண்டு.

மரண அறிவித்தல் பக்கம்

விளம்பரமே வேண்டாம். பெற்றோரின் படத்துக்குக் கீழே கலியாண மண்டப விளம்பரத்தைக் கண்ட குடும்பம் உங்கள் தளத்துக்குத் திரும்பி வராது.

இடத்தை நாளுக்கு நாள் மாற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பெட்டியை மட்டும் நகர்த்தி, சில வாரங்கள் அப்படியே விட்டு, பின்னர் ஒப்பிடுங்கள். ஒப்பிடும்போது சொடுக்கு விகிதத்தைப் பாராமல், கழிவுகள் போன பிறகு மிஞ்சும் தொகையைப் பாருங்கள். மடுத் திருவிழா வாரத்தையும் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். கனடாவிலிருந்து வரும் பார்வைக்கும் உள்ளூரிலிருந்து வரும் பார்வைக்கும் விளம்பரதாரர் கொடுக்கும் விலை வேறு. அந்நாள்களில் இவ்விரு கூட்டத்தின் விகிதம் மாறிவிடுவதால், பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தாலும் வருமானம் ஏறி இறங்கும்.