மொட்டை மாடியில் ஒரு கம்பு நட்டுப் பருவகாலத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

வெயில் காலத்தில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது, குளிர் காலத்தில் தள்ளிப் போகிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். கேட்பதற்குச் சரியாகத்தான் படும். ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். போகியன்று விடியற்காலையில் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்கிறார்களே, அந்த வாரங்களில்தான் சூரியன் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு சாட்சி கிரிக்கெட். டிசம்பர் 26 அன்று விடிகாலை எழுந்து மெல்போர்ன் டெஸ்ட் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நம் ஊரில் மார்கழிப் பனி, அங்கே கோடை, ஆட்டக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்கள். தூரம்தான் காரணம் என்றால் ஒரே நாளில் ஒரே பூமியில் இரண்டு பருவம் எப்படி வரும்?

காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. இதைப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்வதை விட, உங்கள் மாடியிலேயே அளந்து பார்க்கலாம். சென்னையில் தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ திருவொற்றியூரோ, வெயில் விழும் ஒரு மொட்டை மாடி போதும்.

படி 1: கம்பை நடுங்கள்

100 செ.மீ. உயரமுள்ள நேரான கம்பு ஒன்று வேண்டும். பிளம்பர் வெட்டிப்போட்ட பிவிசி பைப் துண்டு இருந்தால் நல்லது. அதை மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவில் நிறுத்துங்கள். தரையிலிருந்து கம்பின் நுனி வரை சரியாக 100 செ.மீ. வர வேண்டும், கணக்கு அப்போதுதான் எளிது. கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள். கொத்தனாரிடம் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் நூலில் ஒரு நட்டு கட்டினாலும் போதும். மாடித் தரை மழைத்தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துக் கட்டியிருப்பார்கள், அதனால் ரசமட்டம் வைத்துச் சமமான இடமாகத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கம்பு ஒரு பாகை சாய்ந்தால் விடையும் அதே அளவு தள்ளிப் போகும்.

சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம். நமக்கு வேண்டியதெல்லாம் நிழல்.

படி 2: உச்சிப்பொழுதைப் பிடியுங்கள்

கடிகாரத்தில் மணி 12 ஆகும்போது நம் ஊரில் உச்சிப்பொழுது ஆகாது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை அதற்கு மேற்கே, ஏறத்தாழ 80.3 பாகையில் இருக்கிறது. அதனால் சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இந்த நேரம் ஆண்டு முழுக்க முன்னே பின்னே நகரும்: நவம்பர் தொடக்கத்தில் 11.53-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.23 ஆகிவிடும்.

(1906-ல் இந்திய நேரம் நடைமுறைக்கு வருவதற்கு முன், ரயில்கள் மெட்ராஸ் நேரப்படிதான் ஓடின. நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கணித்துக் கொடுத்த நேரம் அது. ராயபுரத்துக்காரர்களுக்கு அன்றைக்குக் கடிகாரமும் சூரியனும் இவ்வளவு தூரம் விலகியிருக்கவில்லை.)

ஆகவே 11.45-லிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். எந்த நிழல் மிகக் குட்டையோ, அதுதான் உச்சிப்பொழுது. அந்த நிழல் கிடக்கும் கோடுதான் உங்கள் மாடியின் உண்மையான வடக்கு–தெற்கு. அதைப் பெயின்டால் வரைந்துவிடுங்கள். வருடம் முழுக்கப் பயன்படும்.

படி 3: மாதம் ஒருமுறை நிழலை அளங்கள்

டிசம்பர் 21 வாக்கில் 100 செ.மீ. கம்பின் உச்சி நிழல் சுமார் 74 செ.மீ. இருக்கும், வடக்குப் பக்கமாக விழும். மார்ச் 21-ல் அது 23 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி நிழலே காணாமல் போகும். சூரியன் அப்போது நேர் உச்சந்தலைக்கு மேல்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிழல் மறுபடி வளரத் தொடங்கும், ஆனால் இந்தத் தடவை தெற்குப் பக்கமாக! ஜூன் 21-ல் தெற்கே 18 செ.மீ. வரை போய், திரும்பி வந்து, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இரண்டாம் முறையாக மறையும். பிறகு வடக்கே நீள ஆரம்பிக்கும். மார்கழியில் தெற்கு ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் வெயில், மே, ஜூனில் வடக்குப் பார்த்த பால்கனிகளில் அடிப்பது இதனால்தான். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் இடத்தைக் கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

இப்படித் தலைக்கு மேல் சூரியன் வருவது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான். டெல்லியில் எந்த நாளிலும் உச்சி நிழல் முழுதாக மறையாது.

படி 4: சாத்துக்குடியும் விளக்கும்

இப்போது நிழல் ஏன் இப்படி நகர்கிறது என்று பார்ப்போம். அறையை இருட்டாக்கி, நடுவில் ஒரு ஸ்டூலில் மேல்மூடி இல்லாத விளக்கை வையுங்கள். ஒரு சாத்துக்குடியின் நடுவே ஈர்க்குச்சியைச் செருகுங்கள். குச்சிதான் அச்சு. நடுவில் சுற்றி ஒரு கோடு போடுங்கள், அது நிலநடுக்கோடு. அங்கிருந்து வட முனை வரையுள்ள தூரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி. அதுதான் சென்னை.

குச்சியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், 23 பாகை. செங்கோணத்தில் கால்வாசியை விடச் சற்று அதிகம். குச்சியின் மேல் நுனி டிவி மாட்டியிருக்கும் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். இனி விளக்கைச் சுற்றி நடங்கள். நீங்கள் எங்கே போனாலும் குச்சி அதே சுவரைப் பார்த்தே சாய வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்: நடக்கும்போது கை தானாகவே குச்சியை விளக்குப் பக்கம் திருப்பிவிடும். திருப்ப விடாதீர்கள். பாடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

டிவிக்கு எதிர்ப்புறம் நிற்கும்போது குச்சியின் மேல் நுனி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். இது ஜூன். வட பாதிக்கு அதிக வெளிச்சம். அரை வட்டம் நடந்து டிவி பக்கம் போங்கள். சாய்வு மாறவில்லை, ஆனால் மேல் நுனி இப்போது விளக்கை விட்டு விலகியிருக்கிறது. இது டிசம்பர். வெளிச்சத்தில் பெரிய பங்கு தென் பாதிக்குப் போகிறது. மெல்போர்ன் வெயிலுக்கு விடை இதுதான். இரண்டுக்கும் நடுவே இருபுறமும் மார்ச், செப்டம்பர். அப்போது எந்தப் பாதிக்கும் சலுகை கிடையாது, இரவும் பகலும் ஏறக்குறையச் சமம்.

படி 5: டார்ச் அடித்துப் பாருங்கள்

டைல்ஸ் தரையில் டார்ச்சை நேர் மேலிருந்து அடியுங்கள். பிறகு அதே தூரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். வெளிச்சம் பரந்து மங்கிவிடும். சூரிய ஒளிக்கும் இதே கதைதான். டிசம்பர் உச்சியில் சென்னையில் சூரியன் அடிவானிலிருந்து 53 பாகை உயரத்தில் இருக்கிறது, அதனால் நேராக விழுவதை விட ஒளி ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. லண்டனில் அதே நாளில் வெறும் 15 பாகை. ஒரு சதுர அடியில் விழ வேண்டிய ஒளி கிட்டத்தட்ட நான்கு சதுர அடியில் பரவிவிடுகிறது. அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, இங்கே மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிறது.

படி 6: கடற்கரைக்குப் போங்கள்

காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் கரையிலோ விடியற்காலையில் ஆண்டுக்கு நான்கு தடவை நின்றால் போதும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் வானம் வெளுக்கும் இடம் நேர் கிழக்கு. ஜூனில் அது 24 பாகை இடப்புறம், எண்ணூர்ப் பக்கமாக நகர்ந்திருக்கும். டிசம்பரில் அதே அளவு வலப்புறம், துறைமுகப் பக்கமாக. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. மொத்த ஊசலாட்டம் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. பகலின் நீளமும் கூடவே மாறும்: ஜூனில் 12 மணி 50 நிமிடத்தை ஒட்டி, டிசம்பரில் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டி.

படி 7: அப்படியென்றால் அக்னி நட்சத்திரம் ஏன் மே மாதத்தில்?

நல்ல கேள்வி, எல்லாருக்கும் வர வேண்டிய கேள்வி. சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரல் 24-ல் என்றால் அன்றுதானே உச்ச வெயில் இருக்க வேண்டும்? ஆனால் கத்திரி மே 4-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் 2003 மே 31-ல். தினமும் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் இருந்தாலும் 2 மணிக்குத்தானே அதிகம் தகிக்கிறது? நிலம் வாங்கும் வெப்பம், அது விடும் வெப்பத்தை விட அதிகமாக இருக்கும் வரை சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். மே மாதத்தில் உள்நாட்டிலிருந்து மேற்குக் காற்று வேறு அடிக்கிறது. கடல் காற்று மதியமே கரையேறினால் ராயபுரம் தப்பிக்கும், தாமதமானால் அன்று தொலைந்தோம்.

ஆகஸ்ட் 18-ல் சூரியன் மறுபடி அதே உயரத்தில் நிற்கிறது. ஆனால் அது மே மாதம் மாதிரி சுடுவதில்லை. மேகமும் மாலை நேர இடிமழையும் குறுக்கே வந்துவிடுகின்றன. ஆக, நம் ஊரின் பருவத்தைச் சூரியனின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்றும் கடலும் சேர்ந்துகொள்கின்றன.

அந்தக் காற்றைத் திருப்புவதும் அச்சுச் சாய்வுதான். ஜூனை ஒட்டி வட பாதி சூடேறி, ஆசிய நிலப்பரப்பின் மேல் காற்றழுத்தம் குறைகிறது. கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அதன் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது, நமக்குச் சொச்சம். செப்டம்பருக்குப் பிறகு சூரியன் தெற்கே போக, ஆசிய நிலம் ஆறி, காற்று திசை மாறுகிறது. அந்த வாடைக்காற்று வங்கக் கடலைக் கடந்து ஈரத்தோடு நம் கரையில் மோதும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவது அதனால்தான். நான்கு பருவம் என்று பள்ளியில் படிப்பது ஐரோப்பாவுக்குப் பொருந்தும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம்மவர்கள் ஆறாகப் பிரித்தது இந்த மண்ணின் காற்றையும் மழையையும் பார்த்துத்தான்.

படி 8: சாய்வை நீங்களே கணக்கிடுங்கள்

கையில் இரண்டு அளவு இருக்கிறது: டிசம்பர் 74 செ.மீ., ஜூன் 18 செ.மீ. கிராஃப் தாளில் கம்புக்கு 10 செ.மீ. உயரக் கோடு போட்டு, அடியிலிருந்து ஒருபுறம் 7.4 செ.மீ., மறுபுறம் 1.8 செ.மீ. குறித்து, இரண்டையும் கம்பின் உச்சியோடு சேருங்கள். உச்சியில் உருவாகும் கோணங்களைப் பாகைமானியால் அளந்தால் சுமார் 36.5, 10.2 என்று வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 23.35. பூமியின் அச்சுச் சாய்வு 23.4 பாகை! கழித்துப் பாதியாக்கினால் 13.15, உங்கள் மாடியின் அட்சரேகை.

டிசம்பர் 21 அன்று மேகம் மூடியிருந்தால் கவலை வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் பத்து நாட்களுக்கு நிழலின் நீளம் ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவுக்குத்தான் மாறும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அளந்துகொள்ளலாம். ஜூனிலும் அப்படியே.