மலைக்காற்றில் ஆர்சி விமானம்: சமவெளிப் பழக்கத்தால் வரும் தவறுகள்

கோவை மைதானத்தில் ஒழுங்காகப் பறந்த ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) பொம்மை விமானம், ஊட்டிக்குக் கொண்டுவந்ததும் ஏன் தரையிறங்கும்போதெல்லாம் மூக்கைக் குத்திக்கொள்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்) போய்விட்டது, மோட்டார் சரியில்லை என்று எதையாவது கழற்றியும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. காற்றுதான் வேறு.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. காற்று மெலிந்தால், அதே எடையைத் தாங்க இறக்கை இன்னும் வேகமாகப் போக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 12 சதவீதம் கூடுதல் வேகம். சென்னையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆகிற (இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிற) விமானம் இங்கே 33, 34-லேயே தொப்பென்று விழும். கீழே பழகிய கையோ பழைய அளவுக்கே த்ராட்டிலை (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) குறைக்கிறது. அதனால் முதல் நாள் நல்ல உயரத்தில் வைத்தே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த இடத்தில் மூக்கு தொங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லர் தள்ளுவதும் இதே மெலிந்த காற்றைத்தான் என்பதால் அதன் உந்துவிசையும் குறையும். ஒரு அளவு பெரிய புரொப்பெல்லர் போடலாம், ஆனால் மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்துவிட்டுப் போடுங்கள். கீழே இறங்கும்போது மறக்காமல் பழையதை மாட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகும்.

எடை விஷயத்திலும் மலை தாராளம் காட்டாது. சன்போர்டு என்று கேட்டு வாங்கும் பிவிசி பலகை கனம். அதில் விமானம் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய ஃபோம் போர்டு போதும். தெர்மாகோலை ஃபெவிக்விக் கரைத்துவிடும் என்பதையும் புதியவர்கள் ஒரு இறக்கையைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் நான் பார்த்தவரை, எடை ஏறுவது கட்டும்போது அல்ல, பழுது பார்க்கும்போதுதான். என் முதல் விமானத்தின் வால் மூன்று முறை ஒடிந்தது. மூன்று முறையும் க்ளூ கன்னால் தாராளமாக ஒட்டி, மேலே பேக்கிங் டேப்பும் சுற்றினேன். நான்காவது முறை ஏற்றியபோது மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஆடியது, இடப்பக்கம் சாய்ந்தது, நேராகக் கீழே வந்தது. வாலை அறுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். 41 கிராம். அதே அளவில் புதிதாக வெட்டிய வால் 22 கிராம். மிச்சம் 19 கிராமும் பசையும் டேப்பும். அந்த விமானத்தில் சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 60 செ.மீ. பின்னால், மூக்கு 20 செ.மீ. முன்னால். பின்னால் ஏறிய 19 கிராமைச் சரிக்கட்ட முன்னால் 57 கிராம் வைக்க வேண்டும். ஆக, பசையால் ஏறிய மொத்தச் சுமை 76 கிராம். இப்போதெல்லாம் வால் ஒடிந்தால் ஒட்டுவதில்லை, புதிதாக வெட்டுகிறேன். அரை மணி நேர வேலைதான்.

எந்தப் பழுது பார்த்தாலும், பேட்டரியை உள்ளே வைத்து, இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனிகளால் தாங்கிப் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் அது மட்டமாக நிற்க வேண்டும். இன்னொன்று: மார்கழிக் குளிரில் க்ளூ கன் பசை இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிப்பதற்குள் ஆறிவிடுகிறது. ஒட்டினது போலத் தெரியும், பறக்கும்போது பிளந்துகொள்ளும். மோட்டார் தாங்கும் பலகையை எப்போதும் எபாக்ஸியால் (இரண்டு பசைகளைக் கலந்து பூசும் உறுதியான பசை) ஒட்டுங்கள்.

இனி காற்றின் போக்கு. சமவெளியில் காற்று ஏறக்குறைய ஒரே மட்டமாக வரும். மலையில் சரிவைப் பிடித்துக்கொண்டு ஏறும், முகட்டைத் தாண்டியதும் கவிழ்ந்து சுழலும். காற்று வந்து மோதும் சரிவுக்கு முன்னால் விமானம் மோட்டாரே இல்லாமல் மிதக்கும். அதே முகட்டின் பின்பக்கம் போனால், எவ்வளவு த்ராட்டில் கொடுத்தாலும் யாரோ பிடித்து அமுக்குவதுபோல் கீழே போகும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் எனக்கு இது நடந்தது. காற்று படாமல் இதமாக இருந்ததால் முகட்டுக்குப் பின்பக்கம் நின்றேன். மனிதனுக்கு இதமான அந்த இடம்தான் விமானத்துக்குப் பொல்லாத இடம். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சிகள் இறக்கையைச் சல்லடையாக்கிவிட்டன.

காற்று எங்கிருந்து வருகிறது என்று அறியத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களைப் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்று வலுத்தால் மரம் முழுக்க வெளுக்கும். தூரத்து மரம் வெளுப்பதைப் பார்த்ததும் அடுத்த வீச்சுக்குத் தயாராகிவிடலாம். இந்த ஒரு பழக்கம் எனக்குப் பல இறக்கைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

காற்றோடு சேர்ந்து போகும்போது விமானம் படுவேகமாகத் தெரியும். அது தரையை வைத்துக் கண் சொல்லும் வேகம். இறக்கைக்கு அந்த வேகம் கிடையாது. வேகம் அதிகம் என்று நினைத்து த்ராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) இழுத்தபடி திருப்பினால் அங்கேயே ஸ்டால். மேலே சொன்ன 12 சதவீதமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

பின்னணியும் ஏமாற்றும். சமவெளியில் விமானத்துக்குப் பின்னால் வானம் இருக்கும், இங்கே கரும்பச்சைச் சோலையோ எதிர்மலையோ இருக்கும். இறக்கையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நிறமாக இருந்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே தெரியாது. அடியில் பளிச்சென்ற ஆரஞ்சு பூசுங்கள். அப்புறம் மூடுபனி. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வர அதற்குச் சில நிமிடங்கள் போதும். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் "தம்பி, மேகம் ஏறுது, எறக்கிடு" என்று சொன்னபோது நான் இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று நினைத்தேன். அந்தச் சுற்றின் பாதியிலேயே விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை.

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி குளிரில் சோம்பும். வோல்டேஜ் சட்டென்று இறங்கி, பாதியிலேயே மோட்டார் நின்றுவிடும். பறக்கும்வரை ஸ்வெட்டர் பையில் வைத்திருங்கள், முனைகளை மூடி. சில்லிட்ட பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருப்பது நல்லது. மேசையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, முதுமலை, முக்கூர்த்தி காடுகள் பக்கம் விமானத்தை எடுத்துப் போகவே கூடாது. 2021 ட்ரோன் விதிகளில் பொழுதுபோக்கு விமானங்களும் அடங்கும்: எடை 25 கிலோவுக்குள், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். கிளம்பும் முன் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் (பச்சை, மஞ்சள், சிவப்பு) வருகிறது என்று பாருங்கள்.

விழுந்த விமானத்தைத் தேடுவதிலும் ஒரு தவறு உண்டு. விழுந்ததும் ஓடக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, விழுந்த திசையில் தூரத்தில் ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு, அதை நோக்கி நேராக நடக்க வேண்டும். தேயிலைக்குள் கண் இரண்டு நிமிடத்தில் திசை மாறிவிடும். மாலை இருட்டத் தொடங்கிவிட்டால் தேடாதீர்கள், காட்டெருமை வெளியே வரும் நேரம் அது. மூடுபனியில் தொலைந்த என் விமானத்தை மறுநாள் காலை அதே அக்காதான் எடுத்துக் கொடுத்தார். பனியில் முழுக்க நனைந்திருந்தது. அப்படிக் கிடைத்தால் ஓடுகிறதா என்று உடனே சோதிக்காமல், முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வெளியே வையுங்கள். உப்பியிருந்தால் அதை இனிப் பயன்படுத்தக் கூடாது. ரிசீவரையும் சர்வோக்களையும் கழற்றி, இரண்டு நாள் அடுப்பங்கரைச் சூட்டில் உலரவிட்டு, அதன் பிறகு மின்சாரம் கொடுங்கள்.