பார்க்கர் படத்திலிருந்து கரோனாவைப் பிரித்தெடுக்கும் முறை

சூளூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கம் மொட்டைமாடியில் நின்றே ராக்கெட் பார்க்கிறவர்களுக்கு, சூரியனை ஆராயும் நம் விண்கலமான ஆதித்யா-எல்1 நன்றாகத் தெரியும். ஆனால் அது நிற்பது பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ.யில்; சூரியனுக்கான தூரத்தில் நூறில் ஒரு பங்கு. சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவுக்குள்ளேயே போய்ப் படமெடுப்பது நாசாவின் பார்க்கர் விண்கலம். அதன் விஸ்பர் (WISPR) கேமராவின் ஃபிட்ஸ் (FITS, வானியல் பட வடிவம்) கோப்புகள் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லேப்டாப்பும் பைத்தானும் போதும்.

முதலில் தேதியைத் தேர்ந்தெடுங்கள். விஸ்பரின் இரண்டு தொலைநோக்கிகளில் சூரியனுக்கு அருகே பார்க்கும் உள் தொலைநோக்கியின் பார்வை சூரியனிலிருந்து 13.5 டிகிரி தள்ளித்தான் தொடங்கும். சூரிய மையத்திலிருந்து விண்கலம் இருக்கும் தூரத்தை 0.233-ஆல் பெருக்குங்கள், படத்தின் உள்விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பது வந்துவிடும். 2024 டிசம்பர் 24-இல் தூரம் 9.9 சூரிய ஆரம், ஆகவே விளிம்பு 2.3. அதே விண்கலம் 35 ஆரத்தில் இருந்தால் விளிம்பு 8.2; அதற்கு உள்ளே இருக்கும் கரோனா படத்தில் வராது.

லெவல் 2 (அளவுதிருத்தம் செய்த) கோப்புகளை இறக்குங்கள். திறந்தால் வெறும் வெள்ளை மூட்டம்தான் தெரியும். அது தூசியில் சிதறிய வெயில். நிலவில்லாத பிப்ரவரி இரவில், அந்தி மங்கியபின் பழவேற்காடு ஏரிக்கு மேற்கே சாய்வாகத் தெரியும் மங்கல் ஒளியும் இதே தூசிதான். நமக்கு வேண்டிய எலக்ட்ரான் கரோனா, அதாவது எலக்ட்ரான்களில் சிதறிய வெயில், இதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

முழு அளவுப் படமாக இருந்தால் பிக்சல்களை 2×2 ஆகச் சேர்த்து 960×1024-க்குக் கொண்டுவந்து, ஃபுளோட்32-இல் (ஒரு பிக்சலுக்கு 4 பைட்) வையுங்கள். 200 படம் சுமார் 800 எம்பி; ஃபுளோட்64 என்றால் இருமடங்கு, 4 ஜிபி லேப்டாப் திணறும். கோப்பின் ஹெடரிலுள்ள (தலைப்புக் குறிப்பிலுள்ள) சூரிய தூரத்தை எடுத்து, அதன் 2.3-ஆம் அடுக்கால் படத்தைப் பெருக்குங்கள். நெருங்க நெருங்கத் தூசி ஒளி ஏறுவதை இது சமன்செய்யும். இதை விட்டால் பின்னணியைக் கழித்தபின் பாதிப் படங்கள் கறுத்தும் பாதி வெளுத்தும் வரும். சூரியனுக்கு மிக அருகே தூசியே குறைவதால் அங்கே விதி முழுசாகப் பொருந்தாது. அதனால் ஓரிரு நாள் படங்களை மட்டும் ஒரு தொகுதியாக வையுங்கள்.

பிறகு பிக்சல்தோறும், தொகுதியின் எல்லாப் படங்களுக்கும் 5-ஆம் பெர்சன்டைலை (5% மதிப்புகள் இதற்குக் கீழே இருக்கும்) பின்னணியாக எடுத்துக் கழியுங்கள். கதிர்க்கீற்றுகள் எழுந்து வரும். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் கீற்று மட்டும் பின்னணியோடு சேர்ந்து போய்விடும். தொகுதி மிகக் குறுகினால் இந்த இழப்பு கூடும். கழிப்பதற்கு முன் ஜேபெக்காக மாற்றவே கூடாது, 256 படிகளுக்குள் மங்கலான கீற்றுகள் அழிந்துவிடும்.

குறுக்கே வெள்ளைக் கோடுகள் பாய்ந்திருந்தால் கேமரா பழுதில்லை. விண்கலத்தில் தூசி மோதித் தெறித்த துணுக்குகள் அவை. அடுத்தடுத்த 3 படங்களின் மீடியன் (நடு மதிப்பு) எடுங்கள், போய்விடும். பால்வழி மண்டலம் போகாது. ஒரு மங்கல் பட்டை நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தால் அதுதான்.