பழைய சிஎன்சி லேத்துக்குப் புது சர்வோ மோட்டார்: அளப்பதில் தொடங்குங்கள்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைகளில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய சிஎன்சி லேத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். பெட் நன்றாக இருக்கும், ஸ்பிண்டிலும் நன்றாக இருக்கும். ஸ்லைடை நகர்த்தும், கார்பன் பிரஷ் போட்ட டிசி சர்வோ மோட்டாரும் அதை ஓட்டும் டிரைவ் கார்டும் போயிருக்கும், அவ்வளவுதான். அப்படி ஒரு லேத்தில், கன்ட்ரோலரைத் தொடாமல் மோட்டாரையும் டிரைவையும் மட்டும் ஏசி சர்வோவாக மாற்றுவதை இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு: சாய்வு பெட், இரண்டு ஆக்சிஸ் (நீளவாக்கில் இஸட், குறுக்கே எக்ஸ்), இஸட்டில் 10 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு ஸ்லைடு 10 மி.மீ. நகரும்) பால் ஸ்க்ரூ, மோட்டார் நேராகக் கப்ளிங்கில்.

முதல் வேலை: அளப்பது

மோட்டார் விலை கேட்கப் போகுமுன் டயல் கேஜை எடுங்கள். மேக்னட் ஸ்டாண்டை பெட்டில் வைத்து, டயல் முனையை ஸ்லைடில் தொடவிட்டு, பால் ஸ்க்ரூவைக் கையால் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். முள் நகர ஆரம்பித்ததும் கப்ளிங்கில் ஒரு கோடு போட்டுவிட்டு, மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் மறுபடி அசைவதற்குள் கப்ளிங் எத்தனை டிகிரி சும்மா சுற்றியது என்று பாருங்கள். 10 மி.மீ. பிட்சில் 3.6 டிகிரி என்றால் 0.1 மி.மீ. பேக்லாஷ், அதாவது வெற்று ஆட்டம். அவ்வளவு இருந்தால் பணத்தை முதலில் ஸ்க்ரூவுக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் செலவு செய்யுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த சர்வோ போட்டாலும் தேய்ந்த நட்டைச் சரிசெய்யாது. 0.02, 0.03 என்றால் கன்ட்ரோலரில் பேக்லாஷ் காம்பன்சேஷன் போட்டுச் சமாளிக்கலாம்.

பழைய கன்ட்ரோலரின் பாராமீட்டர் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பல பழைய கன்ட்ரோலர்களில் அது பேட்டரியில்தான் நிற்கிறது.

அப்புறம், கன்ட்ரோலர் டிரைவுக்கு என்ன சிக்னல் அனுப்புகிறது என்று மேனுவலில் பாருங்கள். ±10 வோல்ட் வேகக் கட்டளை என்றால் இந்த வழி சரிப்படும். சில கன்ட்ரோலர்கள் தங்கள் கம்பெனி டிரைவுக்கு மட்டும் புரிகிற சிக்னலை அனுப்பும். அதற்குக் கன்ட்ரோலரையும் சேர்த்தே மாற்றவேண்டி வரும்.

மோட்டார் தேர்வு

கிலோவாட்டை வைத்து வாங்காதீர்கள். 1 கிலோவாட் மோட்டார் 3000 ஆர்பிஎம் என்றால் டார்க் (திருகு விசை) 3.18 நியூட்டன் மீட்டர். அதே 1 கிலோவாட் 2000 ஆர்பிஎம் என்றால் 4.77. பழைய மோட்டாரின் பிளேட்டில் இருக்கும் டார்க்கைப் பாருங்கள். 60 கிலோ சென்டிமீட்டர் என்று இருந்தால் ஏறக்குறைய 5.9 நியூட்டன் மீட்டர். புதியது அதற்குக் குறையக்கூடாது. வேகத்துக்குக் கணக்கு சுலபம்: ரேபிட் (வெட்டாமல் நகரும் உச்ச வேகம்) நிமிடத்துக்கு 10 மீட்டர், பிட்ச் 10 மி.மீ. என்றால் 1000 ஆர்பிஎம் போதும். பழைய டிசி மோட்டாரின் ரோட்டார் கனமானது என்பதால், புதியதிலும் மீடியம் அல்லது ஹை இனர்ஷியா வகையையே கேளுங்கள்.

பெட் சாய்வு என்பதால் எக்ஸ் ஆக்சிஸுக்குக் கட்டாயம் பிரேக் வைத்த மோட்டார். நான் முதன்முதலில் எக்ஸ் மோட்டாரின் நான்கு போல்ட்டையும் கழற்றி, கப்ளிங்கைத் தளர்த்தியதும் டரட்டோடு (டூல்கள் மாட்டும் தலை) ஸ்லைடு சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. கை ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தேன். கழற்றுவதற்கு முன் ஸ்லைடுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். பிரேக் என்பது நின்ற ஸ்லைடைப் பிடித்து வைக்க மட்டும்தான், ஓடுவதை நிறுத்த அல்ல.

பொருத்துவது

புது மோட்டாரின் ஃபிளேஞ்ச் பழையதோடு ஒத்துப்போகாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். 130 சைஸ் மோட்டாரில் பெரும்பாலும் ஸ்பிகாட் (நடுவில் துருத்தும் வட்டம்) 110 மி.மீ., போல்ட் வட்டம் 145 மி.மீ. இருக்கும், ஆனாலும் கையில் வந்த மோட்டாரை அளந்தபிறகே பிளேட்டில் துளை போடுங்கள். கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். ஷாஃப்டின் பின்னால், சுற்றை அளக்கும் என்கோடர் இருக்கிறது. ஒரு தட்டிலேயே அது போய்விடலாம். கிளாம்ப் வகைக் கப்ளிங் போட்டு, டயல் வைத்து ஷாஃப்டும் ஸ்க்ரூவும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள்.

வயரிங்

டிரைவ் 220 வோல்ட் வகை என்றால் நம் 415 வோல்ட் த்ரீ ஃபேஸை நேராகக் கொடுக்கவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். யு, வி, டபிள்யூ மூன்றும் டெர்மினலில் உள்ளபடியே போகவேண்டும். சாதா மோட்டார் மாதிரி இரண்டு வயரை மாற்றித் திசை திருப்பினால் சர்வோ தாறுமாறாக ஓடும் அல்லது அலாரம் அடிக்கும். திசையைப் பாராமீட்டரில் மாற்றுங்கள். என்கோடர் கேபிளைப் பவர் கேபிளோடு ஒரே டக்டில் விடாதீர்கள். எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் டிரைவின் மெயின் கான்டாக்டர் விழவேண்டும், எக்ஸ் பிரேக் பிடிக்கவேண்டும். ஆஃப் செய்தபிறகும் டிரைவுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்ததும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஓடவிடுவது

கப்ளிங்கைக் கழற்றி வைத்து, மோட்டாரைத் தனியாக ஓட்டுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். டிரைவிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் என்கோடர் சிக்னல் தலைகீழாக இருந்தால், கன்ட்ரோலர் திருத்தத் திருத்த மோட்டார் வேகமெடுத்துக்கொண்டே போகும். கப்ளிங் மாட்டியிருந்தால் டரட் போய் சக்கில் மோதும்.

அந்த சிக்னலின் அளவும் பழையதைப் போலவே இருக்கவேண்டும். பழைய என்கோடர் 2500 பல்ஸ் என்றால் நான்கு மடங்கில் சுற்றுக்கு 10,000; 10 மி.மீ. பிட்சில் ஒரு கவுன்ட் ஒரு மைக்ரான். புது டிரைவின் அவுட்புட்டையும் 2500 என்று வையுங்கள். கன்ட்ரோலருக்கு மோட்டார் மாறியதே தெரியாது. அதேபோல பழைய டிரைவ் 7 வோல்ட்டுக்கு 1000 ஆர்பிஎம் ஓடியது என்றால் புதியதிலும் அதே கணக்கு. இது தப்பினால் ரேபிடில் ஃபாலோயிங் எரர் (கட்டளைக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) அலாரம் வரும். நிற்கும்போது மோட்டார் மெல்ல நகர்ந்தால் டிரைவில் ஆஃப்செட்டைத் திருத்துங்கள்.

இனி கப்ளிங்கை மாட்டி, ரேபிட் ஓவர்ரைடைக் குறைத்து ஓட்டி, ஆட்டோ ட்யூனிங் கொடுங்கள். ஸ்லைடில் உள்ளங்கையை வைத்தால் நிற்கும்போது துடிப்பே இருக்கக்கூடாது. 'ங்ங்' என்று ரீங்காரம் கேட்டால் கெயினை (டிரைவ் எவ்வளவு வேகமாகத் திருத்துகிறது என்ற அளவை) ஒரு படி இறக்குங்கள். ஹோம் பொசிஷனும் சாஃப்ட் லிமிட்டும் (ஸ்லைடு தாண்டக்கூடாத எல்லை) புதிதாக செட் செய்தபின், ஒரே இடத்துக்கு ஐந்து முறை ரேபிடில் வரவழைத்து டயலைப் பாருங்கள். முள் ஐந்து முறையும் ஒரே கோட்டில் நின்றால் ஜாப் மாட்டலாம். டிரைவில் மாற்றிய பாராமீட்டர்களை ஒரு தாளில் எழுதி, பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.